பாலத்தின் நடுவே வைக்காத கருவி

கல்லாறு தாண்டியதும்

மேட்டுப்பாளையத்தில் காலையில் மலை ரயில் ஏறியவர்களுக்கு ஒரு கணம் மறக்காது. பாக்குத் தோப்புகளுக்கு நடுவே கல்லாறு நிலையம் வரை வண்டி மற்ற ரயில்களைப் போலத்தான் ஓடும். கல்லாறு கழிந்ததும் வேகம் தணியும். அடியிலிருந்து ஒரு 'கடகட' எழும். இருக்கையில் மெல்லிய நடுக்கம் ஒன்று ஊரும். வண்டி மலையைப் பிடித்துவிட்டது என்று ஜன்னலுக்கு வெளியே பார்க்காதவருக்கும் தெரிந்துவிடும்.

எப்படித் தெரிகிறது? என்ஜின் முன்னால் இல்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. பல்சக்கரம் தண்டவாளப் பற்களைக் கவ்வும் இடம் அந்த என்ஜினின் வயிற்றுக்கு அடியில் இருக்கிறது. அங்கே கண்ணும் போகாது, கையும் போகாது. சூடு, எண்ணெய், புழுதி, தெறிக்கும் நீர் எல்லாம் சேர்ந்த இடம் அது. அளவுகருவி ஒன்றை அங்கே ஒட்டிவைத்தாலும் நெடுநாள் பிழைக்காது. ஆனாலும் சில பெட்டிகளுக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்கு அந்தக் கவ்வல் தெரிகிறது.

அந்த முதுகு செய்யும் வேலையை எண்களால் செய்ய முடியுமா என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. கருவி வைக்க முடியாத இடத்தின் அதிர்வையும் இரைச்சலையும், வைக்க முடிந்த இடத்தின் அளவிலிருந்து கணக்கிட்டு அறியும் கலை ஒன்று உண்டு. இப்படிக் கிடைக்கும் அளவுக்கு 'மெய்நிகர் உணரி' என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் உணரி எதுவும் இல்லை. இருந்திருந்தால் என்ன காட்டியிருக்குமோ அதைக் கணக்கு காட்டுகிறது.

நொடிக்கு எத்தனை பல்?

முதலில் அந்தக் கடகடவைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரம். ஊட்டி 2,203 மீட்டர். இடையே 46 கிலோமீட்டர் பாதை, 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் மிகக் கடுமை. ஏறத்தாழ 12 அடி போவதற்குள் ஓர் அடி உயர வேண்டும். வெறும் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அங்கே வழுக்கிவிடும். அதனால் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறைப்படி, இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். 1899இல் குன்னூர் வரை ரயில் வந்தது இப்படித்தான். 1908இல் பாதை ஊட்டி வரை நீண்டது.

இரண்டு சட்டம் எதற்கு என்பதில்தான் நமக்கு வேண்டிய நுட்பம் இருக்கிறது. ஒரு சட்டத்தில் பல் இருக்கும் இடத்துக்கு நேராக மற்றதில் பள்ளம் இருக்கும். ஒரு பல் பிடியை விடும் நேரத்தில் அடுத்த சட்டத்தின் பல் பிடித்துக்கொள்ளும். இழுப்பு சீராகும், உதறல் குறையும்.

ஆப்ட் முறையில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் வழக்கமான இடைவெளி 120 மில்லிமீட்டர். பல்தண்டவாளப் பகுதியில் ரயிலின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்குள் இருக்கும். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 3.6 மீட்டர் நகர்ந்தால், ஒவ்வொரு சட்டத்திலும் நொடிக்கு 30 பற்கள் கடக்கும். இரண்டு சட்டங்களும் மாறிமாறித் தட்டுவதால் மொத்தம் நொடிக்கு 60 தட்டு.

இரண்டு சட்டங்களும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் எல்லாத் தட்டும் ஒரே வலுவில் விழும். அப்போது 60 என்ற எண்தான் ஓங்கித் தெரியும். ஒரு சட்டம் மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் தட்டுகள் வலுத்தும் மெலிந்தும் மாறிமாறி விழும். அப்போது நடுக்கத்தில் 30 என்ற எண்ணும் தலைகாட்டும். சட்டத்தைப் பார்க்காமல், தொடாமல், அதன் தேய்மானத்தைப் பற்றி ஒரு சேதி கிடைத்துவிட்டது. சேதி தந்தது நடுக்கம் மட்டுமில்லை. பற்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று நமக்கு முன்பே தெரிந்திருந்ததால்தான் அந்த நடுக்கத்தைப் படிக்க முடிந்தது.

இந்திய ரயில்வே இதன் நெருங்கிய உறவு ஒன்றை நாடெங்கும் பயன்படுத்துகிறது. ஓடும் பெட்டியின் தரையில் சிறிய அதிர்வுமானி ஒன்றை வைத்து, எந்தக் கிலோமீட்டரில் பெட்டி எவ்வளவு குலுங்கியது என்று பதிகிறார்கள். குலுக்கம் மிகுந்த இடத்துக்குத் தண்டவாளப் பணியாளர்கள் போய்ப் பார்க்கிறார்கள். அளப்பது பெட்டித் தரையை, அறிவது தண்டவாளத்தை.

அதிர்வும் ஒரு கோலம்தான்

பெட்டியை விட்டு இறங்கி, அது கடக்கும் பாலத்துக்கு வருவோம். மெய்நிகர் உணரியின் உயிர்நாடி அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

ஒரு பொருளைத் தட்டினால் அது கண்டபடி நடுங்குவதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு பொருளுக்கும் சில குறிப்பிட்ட வடிவங்களில்தான் நடுங்க வரும். நாம் காணும் குழப்பமான நடுக்கம் அந்தச் சில வடிவங்களின் கலவை. அந்த வடிவம் ஒவ்வொன்றையும் 'அதிர்வுக் கோலம்' என்று அழைக்கிறேன். காரணம் இருக்கிறது. திருச்சிக்காரரான சி.வி. ராமன் மிருதங்கத்தையும் தபலாவையும் ஆராய்ந்து 1934இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, அது எந்தக் கோடுகளில் ஒதுங்குகிறது என்று படம் எடுத்தார். நடுங்கும் இடத்திலிருந்து மணல் துள்ளி ஓடும். நடுங்காத இடத்தில் தங்கும். வாசலில் மாவு இழுத்ததைப் போலவே ஒரு கோலம் விழும்.

நடுங்காத அந்த இடத்துக்குக் 'கணு' என்று பெயர். பள்ளிப் பாடநூலிலேயே இருக்கும் சொல். மூங்கில் வளையும்போது கணு விறைத்து நிற்பதை நினைத்துக்கொண்டால் மறக்காது.

இரு கரையிலும் கல் கட்டுமானத்தில் தாங்கிக் கிடக்கும் ஓர் இரும்பு உத்தரத்துக்கு முதல் கோலம் எளியது. முழு உத்தரமும் தூளி போலக் கீழே தொய்ந்து, பின் மேலே எழும். நடுவில் அசைவு 10 பங்கு என்றால், நீளத்தின் கால்பாகத்திலும் முக்கால்பாகத்திலும் ஏறத்தாழ 7 பங்கு. இரண்டாவது கோலத்தில் இடப்பாதி தாழும்போது வலப்பாதி எழும். சரியாக நடுவில் ஒரு கணு. மூன்றாவதில் உத்தரம் மூன்று துண்டாகப் பிரிந்து, ஓரத்துண்டுகள் இரண்டும் தாழும்போது நடுத்துண்டு எழும்.

ஓடையின் மேல் ஒரு கணக்கு

இப்போது கணக்குக்காக ஒரு பாலத்தை வைத்துக்கொள்வோம். நீளம் 20 மீட்டர். கீழே ஓடை, ஈரப் பாறை, ஆழம். ஏணி சாய்த்தால் இரு கரையிலிருந்தும் 5 மீட்டர் வரைதான் எட்டும். நடுப்பகுதிக்கு ஆள் போவது ஆபத்து. ஆனால் பாலத்தின் உழைப்பு அதிகம் தெரிவது நடுவில்தான். அந்த அளவு கட்டாயம் வேண்டும்.

எட்டுகிற இடங்களில், இடக்கரையிலிருந்து 5 மீட்டரில் ஒன்றும் 15 மீட்டரில் ஒன்றுமாக இரண்டு உணரிகளை வைக்கிறோம். ரயில் கடக்கும்போது ஒரு நொடியின் சிறு துளியில் இடது உணரி 3 மில்லிமீட்டர் தாழ்ந்ததாகக் காட்டுகிறது. வலது உணரி 4 மில்லிமீட்டர் காட்டுகிறது. நடுவில் எவ்வளவு?

இரண்டுக்கும் நடுவே இருப்பதால் மூன்றரை என்று சொல்லத் தோன்றும். அது தவறு. கோலங்களைக் கொண்டு யோசிப்போம். முதல் கோலத்தில் இரு உணரிகளும் ஒரே திசையில் ஒரே அளவு அசையும். இரண்டாவது கோலத்தில் எதிரெதிராக அசையும். ஆகவே இரண்டு அளவின் சராசரி எடுத்தால் இரண்டாவது கோலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். எஞ்சும் 3.5 முதல் கோலத்துக்கு உரியது. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, அதாவது 0.5, இரண்டாவது கோலத்துக்கு உரியது.

முதல் கோலத்தில் கால்பாகத்து அசைவு 7 பங்கு, நடு அசைவு 10 பங்கு. 7 பங்கு 3.5 மில்லிமீட்டர் என்றால் 10 பங்கு 5 மில்லிமீட்டர். இரண்டாவது கோலத்துக்கு நடுவில் கணு. அது அங்கே எதையும் கூட்டாது. விடை 5 மில்லிமீட்டர்.

யாரும் கால் வைக்காத இடத்தின் அளவு இது. இதே இரண்டு எண்களிலிருந்து உத்தரத்தின் எந்தப் புள்ளிக்கும் அசைவைச் சொல்லலாம். கருவி இரண்டு, அளவுகளோ நாம் விரும்பும் அளவுக்கு.

கணக்கு கவிழும் இடம்

இத்தோடு நிறுத்தினால் வாசகருக்குப் பாதி உண்மைதான் சொன்னதாகும். மூன்றாவது கோலத்தை நாம் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாவது கோலத்திலும் இரு உணரிகளும் ஒரே திசையில் ஒரே அளவு அசையும். ஆனால் நடுப்புள்ளி எதிர்த்திசையில் போகும். நாம் பார்த்த 3.5 மில்லிமீட்டர் மூன்றாவது கோலத்திலிருந்து வந்திருந்தால், நடுப்பகுதி 5 மில்லிமீட்டர் தாழவில்லை, எழுந்திருக்கிறது. உணரிகள் இரண்டும் பழுதில்லை. கணக்கிலும் பிழையில்லை. விடை மட்டும் தலைகீழ்.

இங்கே கைகொடுப்பது அதிர்வெண், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை முறை ஆட்டம் என்ற எண். வீணைத் தந்தியின் கோலங்கள் 1, 2, 3 என்ற விகிதத்தில் ஒலிக்கும். விறைப்பான உத்தரத்தின் கோலங்கள் 1, 4, 9 என்று தாவும். நம் பாலத்தின் முதல் கோலம் நொடிக்கு 6 முறை ஆடினால், இரண்டாவது 24, மூன்றாவது 54. கச்சேரியில் தம்பூராவையும் மிருதங்கத்தையும் நம் காது தனித்தனியே பிரித்துக் கேட்கிறதல்லவா, அப்படி உணரியின் பதிவை அதிர்வெண் வாரியாகப் பிரித்தால் 6இல் வந்தது முதல் கோலம், 54இல் வந்தது மூன்றாவது கோலம் என்று தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொன்றுக்கும் உரிய பங்கைப் போட்டுக் கூட்டலாம்.

பற்களின் தட்டை இங்கே மீண்டும் கொண்டுவாருங்கள். மணிக்கு 11.7 கிலோமீட்டர் வேகத்தில் இரு சட்டங்களின் தட்டும் சேர்ந்து நொடிக்கு 54. நம் கற்பனைப் பாலத்தின் மூன்றாவது கோலத்தை அது சரியாகத் தூண்டும். ஒரு சட்டம் மட்டும் தேய்ந்திருந்தால், மணிக்கு 10.4 கிலோமீட்டரில் அதன் பாதித் தட்டு நொடிக்கு 24. இப்போது தூண்டப்படுவது இரண்டாவது கோலம். அதன் கணு எங்கே இருக்கிறது? நடுவில். யாராவது உயிரைப் பணயம் வைத்துப் பாலத்தின் நடுவில் ஒரே ஓர் உணரியைப் பொருத்தியிருந்தால், இரு பாதிகளும் எதிரெதிராகக் குலுங்கும் நேரத்தில் அந்த உணரி அந்தக் குலுக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உணரி வைக்கும் இடத்தை முடிவு செய்ய ஏணி எட்டும் தூரம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

கவனிக்க இன்னொன்றும் உண்டு. மலை ரயிலின் நீராவி என்ஜின் ஏறத்தாழ 50 டன் எடை. அது மேலே நிற்கும்போது பாலம் வேறு பாலம். அதே உத்தரம் இன்னும் மெதுவாக ஆடும், கோலங்களும் சற்று உருமாறும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த பழைய என்ஜின்களுக்குப் போட்ட கணக்கு, திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்த புதிய என்ஜின்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எண்ணக் கூடாது.

மூடுபனியில் ஓட்டுவதைப் போல

கோலங்கள் ஓரளவுதான் சரியாகத் தெரியும், உணரியின் அளவிலும் கொஞ்சம் பிழை கலந்திருக்கும். இரண்டில் எதை நம்புவது?

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனி இறங்கிய மாலையில் அனுபவமுள்ள ஓட்டுநர் எப்படிப் போகிறார்? அடுத்த வளைவு இந்நேரம் வரவேண்டும் என்று மனதில் ஒரு கணக்கு ஓடுகிறது. பனி விலகும் ஒரு கணத்தில் வளைவின் எண் பலகை தெரிகிறது. மனக்கணக்கைச் சற்றுத் திருத்திக்கொள்கிறார். பலகை மங்கலாகத் தெரிந்தால் மனக்கணக்குக்கு மதிப்பு கூடுதல். பழக்கமில்லாத சாலை என்றால் பலகைக்கு மதிப்பு கூடுதல்.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ருடால்ஃப் கால்மன் 1960இல் இதைத்தான் கணிதமாக்கினார். முன்கணிப்பு, அளவு, திருத்தம், மறுபடி முன்கணிப்பு. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டில் எது எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கேற்ப எடைபோட்டுக் கலக்கும் முறை. நிலவுக்குப் போன அப்பல்லோ கலங்கள் தாம் எங்கே இருக்கிறோம் என்று அறிந்தது இம்முறையில்தான். காற்றாலை இறக்கையிலும் விமானச் சிறகிலும் மெய்நிகர் உணரி வைக்க முனையும் பொறியாளர்கள் பெரும்பாலும் எடுத்தாள்வதும் இதையே.

தேயிலை ஆலையில் ஒரு காது

அதிர்வு காற்றில் ஏறினால் இரைச்சல். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஆலைக்குள் நுழைந்தவர்களுக்குப் பச்சை இலையின் மணத்தோடு அந்த இரைச்சலும் நினைவில் நிற்கும். சி.டி.சி. இயந்திரத்தில் இரண்டு உருளைகள், ஒன்றைவிட மற்றது பத்து மடங்கு வேகமாகச் சுழன்று, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகின்றன. வேக உருளை நிமிடத்துக்கு 700 சுற்று என்றால் நொடிக்கு ஏறத்தாழ 12. இந்த அதிர்வெண் காதுக்கு எட்டாது, உள்ளங்கைக்கு எட்டும். உருளைகளுக்கு நடுவே இலை ஓடுகிறது, அங்கே உணரி வைக்க வழியில்லை. அதனால்தான் மெக்கானிக் பேரிங் கூட்டின் மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கிறார். நல்ல உருளை எப்படி ஒலிக்கும் என்பது பல ஆண்டுப் பழக்கத்தில் அவருக்குள் இருக்கிறது. அந்தப் பழக்கம்தான் அவருடைய கோலம்.

இயந்திரத்தின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்பவரின் காதை நினைத்துப் பாருங்கள். இரைச்சலை எதிர்-ஒலியால் தணிக்கலாம். ஒலியலை மேலே போகும்போது கீழே போகும் இன்னோர் அலையை ஒலிபெருக்கி மூலம் அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். ஆனால் அப்படி அமைதியாகும் இடம் மிகச் சிறியது, ஒலியின் அலைநீளத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நொடிக்கு 100 ஆட்டமுள்ள தாழ்ந்த உறுமலுக்கு அலைநீளம் 3.4 மீட்டர். அமைதி வட்டம் 34 சென்டிமீட்டர், ஒரு தலை அடங்கும். நொடிக்கு 1,000 ஆட்டமுள்ள கீச்சொலிக்கு அது 3.4 சென்டிமீட்டர்தான். அந்த வட்டம் சரியாகக் காதில் விழ, காதிலேயே மைக் இருக்க வேண்டும். வேலை செய்பவரின் காதில் நாள் முழுதும் மைக் வைக்க முடியாது.

இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் எலியட்டும் உடன் உழைத்தவர்களும் 1990களில் வளர்த்த வழி, வைக்காத மைக். காது இருக்கும் இடத்தில் சிறிது நேரம் மட்டும் ஒரு மைக்கை வைத்து, அருகே நிலையாக இருக்கும் மைக்குக்கும் அதற்கும் உள்ள உறவைக் கற்றுக்கொள்கிறார்கள். பிறகு அதை எடுத்துவிடுகிறார்கள். நிலையான மைக் கேட்பதிலிருந்து காது கேட்பது கணக்கிடப்படுகிறது. ஆனால் கற்ற உறவு பழசாகும். காற்று ஒரு டிகிரி சூடானால் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். நீலகிரிக் குளிர்காலக் காலைக்கும் மதியத்துக்கும் நடுவே அந்த வேறுபாடு தெரியும் அளவுக்கு இருக்கும். தலை சற்றுத் திரும்பினாலும் உறவு மாறும். அதனால் இந்த முறை ஒருபுறம் வளரட்டும், இன்றைக்கு ஆலையில் நிற்பவருக்குக் காதடைப்பு தருவதே முதல் கடமை.

மேகத்துக்குள் போகாமல்

ஊட்டியிலேயே இதன் பிரமாண்டமான வடிவம் ஒன்று நடந்திருக்கிறது. அளந்தது அதிர்வை இல்லை, மின்னழுத்தத்தை. ஆனால் தர்க்கம் அதேதான்.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் ஊட்டியில் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான் என்னும் மின்னேற்றமுள்ள துகள்களை அங்கே 560 சதுர மீட்டர் பரப்பில் இரவும் பகலும் எண்ணுகிறார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் கடந்தபோது, 18 நிமிடங்களுக்கு மியூவான்களின் எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் குறைந்தது. மேகத்துக்குள் எவ்வளவு மின்னழுத்தம் இருந்தால் இப்படிக் குறையும் என்று கணினியில் போட்டுப் பார்த்தார்கள். விடை 130 கோடி வோல்ட். 2019இல் வெளியானது. அதற்கு முன் பலூன்கள் மேகத்துக்குள்ளேயே போய் அளந்ததில் மிக அதிகமானது இதில் பத்தில் ஒரு பங்கு. பலூன் தான் போகும் ஒற்றைக் கோட்டை மட்டுமே பார்க்கும். மியூவான் மேகம் முழுவதையும் துளைத்து வருகிறது. உள்ளே போன கருவியைவிட வெளியே நின்ற கருவி கூடுதலாகக் கண்டது.

சரிபார்ப்பு

மெய்நிகர் உணரியை வைத்துக்கொண்டு உண்மை உணரியைத் தூக்கி எறிய நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நீலகிரியில் ஒவ்வொரு பருவமழையும் மண்ணை நகர்த்துகிறது. தாங்குகல் ஒன்று சற்று இறங்கினால், இரும்பு ஓர் இடத்தில் துருவேறினால், நாம் எழுதிவைத்த கோலம் இல்லாத பாலத்தின் கோலமாகிவிடும். கணக்கோ முன்போலவே உறுதியான எண்ணைத் தந்துகொண்டிருக்கும். ஆகவே மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறையாவது தக்க பாதுகாப்போடு நடுப்பாலத்துக்கு ஆள் போய், உண்மை உணரியை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாதையை நடந்தே பார்க்கும் தண்டவாளப் பணியாளர்களின் கண்ணும் வேண்டும்.

அடுத்த முறை மேட்டுப்பாளையத்தில் ஏறும்போது, இடம் கிடைத்தால் என்ஜினை ஒட்டிய பெட்டியில் உட்காருங்கள். கல்லாறு தாண்டியதும் கைப்பேசியைப் பெட்டியின் தரையில் படுக்கவைத்து, நொடிக்கு 200 முறையாவது அதிர்வைப் பதியும் செயலி ஒன்றை ஓடவிடுங்கள். வண்டி மணிக்கு 13 கிலோமீட்டரில் போகும்போது 60க்கு அருகில் மட்டும் ஒரு மேடு தெரிந்தால் இரண்டு சட்டங்களும் சமமாக உழைக்கின்றன என்று கொள்ளலாம். 30க்கு அருகிலும் ஒரு மேடு எழுந்தால், எந்த இடத்தில் எழுந்தது என்று குறித்துவைத்து, குன்னூரில் இறங்கியதும் நிலைய அலுவலரிடம் சொல்லுங்கள்.